100 நாளில் விளையும் ஹெம்ப்: புதிதாகப் பயிரிடுவோருக்கு

கனடாவின் சஸ்காட்சுவான், மனிடோபா சமவெளிகளில் மே மாத நடுவில்தான் மண்ணில் சூடு ஏறத் தொடங்கும். செப்டம்பர் முதல் பாதியிலேயே உறைபனி வந்துவிடக்கூடும். இரண்டுக்கும் நடுவே உழவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 110 நாள். அதற்குள் முளைத்து, பூத்து, விதை முற்றிவிடும் ஹெம்ப் ரகங்களில் பெயர் பெற்றது ஃபினோலா. விதைக்காக ஹெம்ப் பயிரிட விரும்பும் புதியவர்கள் இந்த ஒரு ரகத்தின் குணத்தைப் புரிந்துகொண்டால், மற்றக் குறுகிய கால ரகங்களும் பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஹெம்ப் என்பது கன்னாபிஸ் சாட்டிவா இனம். கஞ்சாவும் அதே இனம்தான். கனடாச் சட்டப்படி, பூங்கொத்திலும் இலையிலும் டி.எச்.சி. என்ற போதை தரும் பொருளின் அளவு 0.3 சதவீதத்தைத் தாண்டாத செடிதான் ஹெம்ப். உரிமம் பெற்ற கடைகளில் போதைக்காக விற்கும் 'சாட்டிவா' வகைகளோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே நாம் அறுப்பது உண்பதற்கான விதை. அதில் 30 சதவீதம் அளவுக்கு எண்ணெயும் 25 சதவீதம் அளவுக்குப் புரதமும் இருக்கின்றன.

குறுகிய வயதுப் பயிர் எளிதான பயிர் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீண்ட வயதுப் பயிரில் முதல் மாதம் சறுக்கினாலும் பின்னால் ஈடுகட்ட நாள் இருக்கும். இதில் ஒரு வாரம் போனால் போனதுதான். 'பட்டம் தவறினால் நட்டம்' என்ற பழமொழி இந்தப் பயிருக்கு அப்படியே பொருந்தும்.

ரகத்தின் குணம்

ஃபினோலா பின்லாந்தில் 1990களில் உருவானது. ரஷ்யாவின் வாவிலோவ் நிறுவன விதை வங்கியிலிருந்து பெற்ற இரண்டு வடபுலத்து ரகங்களே அதன் மூலம். முதலில் அதற்கு ஃபின்-314 என்று பெயர் வைத்திருந்தார்கள். அது உருவான குவோபியோ நகரம் வடக்கு அட்சரேகை 63 டிகிரிக்கு அருகில் இருக்கிறது. கோடையில் அங்கே இரவு என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. சாதாரண ஹெம்ப் பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூக்கும். அத்தகைய ரகத்தை அங்கே விதைத்தால், அது பூக்க நினைக்கும் நேரத்தில் பனி கொட்டத் தொடங்கியிருக்கும். ஃபினோலா பகலின் நீளத்துக்காகக் காத்திருப்பதில்லை. முளைத்து ஒரு மாதம் கடந்ததும், பகல் எவ்வளவு நீண்டிருந்தாலும் பூக்கத் தொடங்கிவிடும்.

இந்தக் குணத்துக்கு ஒரு விலையும் உண்டு. பூக்கும் நாளைச் செடியின் வயதே முடிவு செய்வதால், அதற்குள் எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ அவ்வளவுதான் செடி. முதல் மாதத்தில் குளிரிலோ நீர்த்தேக்கத்திலோ சுணங்கிய செடி முழங்கால் உயரத்திலேயே பூத்து நிற்கும். நன்றாக வந்தால் ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை போகும். நார் ரகங்கள் மூன்று மீட்டரைத் தாண்டுவதோடு பார்த்தால் இது குள்ளம். அந்தக் குள்ளமே அறுவடையில் பெரும் நிம்மதி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று: ஃபினோலாவில் ஆண், பெண் தனித்தனிச் செடிகள். ஆண் பனை, பெண் பனை பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆண் செடி முதலில் பூத்து, காற்றில் மகரந்தத்தை விட்டு, பின்பு காய்ந்து சாய்ந்துவிடும். முதன்முறை பயிரிடுபவர்கள் ஜூலையில் வயலில் பாதிச் செடி மஞ்சளித்து வாடுவதைக் கண்டு நோய் என்று பதறுவார்கள். அது நோயல்ல. ஆண் செடியின் வேலை முடிந்துவிட்டது, அவ்வளவே.

விதை சிறியது, ஆயிரம் விதையின் எடை சுமார் 12 கிராம். வேறு பல ரகங்களில் இது 15 முதல் 18 கிராம் வரை இருக்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், விதைப்பளவைக் கணக்கிடும்போது தேவைப்படும். சமவெளியில் கடானி, சி.எஃப்.எக்ஸ்-2, சி.ஆர்.எஸ்-1, எக்ஸ்-59 என்று வேறு ரகங்களும் பயிராகின்றன. இவற்றில் உயரம் குறைந்தவையும் உண்டு, கூடியவையும் உண்டு. உங்கள் மாவட்டத்தில் பனியில்லா நாள்கள் 120க்கு மேல் இருந்தால் மற்றவற்றையும் யோசிக்கலாம். வடக்கே போகப் போக ஃபினோலா போன்றவைதான் பத்திரம்.

விதைக்கு முன் காகிதம்

கனடாவில் 1938 முதல் ஹெம்ப் தடை செய்யப்பட்டிருந்தது. 1998 மார்ச்சில் தனி விதிமுறைகளின் கீழ் பயிரிட அனுமதி வந்தது. 2018 அக்டோபர் 17 அன்று கஞ்சாச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. உரிமம் தருவது ஹெல்த் கனடா என்ற மத்திய அரசின் சுகாதாரத் துறை. உரிமம் கைக்கு வராமல் ஒரு விதைகூட மண்ணில் விழக்கூடாது. குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், ஏப்ரலில் விண்ணப்பித்துவிட்டு மே மாதத்தில் கையைப் பிசைவதில் பொருளில்லை.

விதை, ஹெல்த் கனடாவின் அங்கீகரிக்கப்பட்ட ரகப் பட்டியலில் இருக்க வேண்டும். சான்று விதையாகவும் இருக்க வேண்டும். சென்ற ஆண்டு அறுவடையில் ஒரு மூட்டையை எடுத்து வைத்து விதைக்கும் நம் ஊர் வழக்கம் இங்கே சட்டப்படி செல்லாது. சட்டம் இல்லாவிட்டாலும் அது நல்லதல்ல. காற்றில் மகரந்தம் பரவும் பயிர் என்பதால் பக்கத்து வயலின் ரகம் கலந்து, அடுத்த தலைமுறையில் டி.எச்.சி. அளவும் பயிரின் வயதும் எப்படிப் போகும் என்று சொல்ல முடியாது. டி.எச்.சி. பரிசோதனை செய்ய வேண்டிய ரகம் எது, விலக்குப் பெற்றது எது என்பதை அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்தே உறுதி செய்யுங்கள். விதைக் கொள்முதல் ரசீது, சான்று அட்டை, வயலின் வரைபடம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருப்பது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் உரிமமின்றிக் கஞ்சாச் செடி வளர்ப்பதைக் குற்றமாக்குகிறது. நாருக்கும் விதைக்குமான சாகுபடியை அரசு அனுமதிக்கலாம் என்று அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. உத்தராகண்ட் அந்த வழியில் உரிமம் வழங்கியிருக்கிறது. உரிமம் இல்லாத இடத்தில் ஆன்லைனில் விதை வாங்கிப் பரீட்சித்துப் பார்ப்பது சிறைக்குப் போகும் வழி. அதோடு, ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கும் நம் வெயிலில், வடபுலத்தில் வளர்ந்த இந்த ரகம் சிறக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமும் இல்லை.

வாங்குபவர் யார்?

இதை நிலத்துக்கும் முன்னால் வைக்கிறேன். கோதுமையைக் கிடங்கில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவதுபோல் ஹெம்ப் விதையை விற்க முடியாது. வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய உணவுத் தயாரிப்பு நிறுவனங்கள்தான். 1999இல் மனிடோபாவில் பெருமளவில் ஒப்பந்தம் போட்ட நிறுவனம் ஒன்று திவாலாகி, பல உழவர்கள் விதையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். 2017இல் கனடாவின் ஹெம்ப் பரப்பு 1,38,000 ஏக்கரைத் தொட்டது. தென்கொரியாவில் தேவை சரிந்ததும் அடுத்த ஆண்டே பரப்பு பெரிதாகச் சுருங்கியது. ஆகவே எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் விதைக்காதீர்கள். ஒப்பந்தத்தில் விலையோடு மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எந்த ஈரப்பதத்தில் எடுப்பார்கள், கிடங்கில் எத்தனை மாதம் நீங்கள் வைத்திருக்க வேண்டும், இயற்கை வேளாண் சான்று பெற்ற விதைக்குத் தனி விலை உண்டா. பெரும்பாலான மனத்தாங்கல் இரண்டாவது கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

நிலம்

நீர் வடியும் வண்டல் கலந்த நிலம் நல்லது. கார அமில நிலை 6 முதல் 7.5 வரை. கனத்த களிமண் வேண்டாம். முளைத்த முதல் மூன்று வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே நாற்று மஞ்சளித்துக் குட்டையாகிவிடும். முன்பே சொன்னதுபோல், குட்டையானது குட்டையாகவே பூக்கும். வசந்தத்தில் பனி உருகும்போது வயலைச் சுற்றி நடந்து பாருங்கள். எங்கே தண்ணீர் கடைசியாக வடிகிறதோ அந்த இடத்தை ஹெம்புக்குக் கொடுக்காதீர்கள்.

கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிர், சூரியகாந்தி, பீன்ஸ் இவற்றுக்குப் பின்னால் போடவும் வேண்டாம். ஸ்க்ளெரோட்டினியா என்ற வெள்ளைப் பூஞ்சணம் இந்தப் பயிர்கள் எல்லாவற்றையும் தாக்கும். அதன் கருநிற வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கோதுமை அல்லது பார்லி எடுத்த நிலம் சரி.

விதைப்பு

இந்தப் பயிரின் பாதி விதி இங்கே முடிவாகிவிடும். ஆகவே சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மண்ணின் வெப்பம் காலையில் 8 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரும்வரை பொறுங்கள். சமவெளியில் அது பெரும்பாலும் மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரத்துக்குள் அமையும். நாற்று லேசான பனியைத் தாங்கும். ஆகவே பனிக்கு அஞ்சித் தாமதிப்பதைவிடக் குளிர்ந்த மண்ணுக்கு அஞ்சித் தாமதிப்பதில்தான் நியாயம் இருக்கிறது. குளிர்ந்த மண்ணில் விதை அழுகும், களை முந்திக்கொள்ளும். ஜூன் பாதிக்கு மேல் தள்ளிப் போனால் விளைச்சல் குறைவதோடு அறுவடை பனிக்குள் சிக்கும். மாகாணப் பயிர்க் காப்பீட்டில் விதைப்புக்கு வைத்திருக்கும் கடைசித் தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆழம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். ஒரு அங்குலத்தைவிட ஆழமாகப் போகவே கூடாது. விதையில் இருக்கும் இருப்பு அவ்வளவுதான். ஆழத்தில் போட்டால் மேலே வருவதற்குள் தீர்ந்துவிடும். படுக்கை இறுக்கமாக இருக்க வேண்டும்: வயலில் நடந்தால் குதிகால் புதையாமல் தடம் மட்டும் பதிந்தால் சரி. விதைத்த மறுநாள் கொட்டித் தீர்க்கும் மழை என்று வானிலை அறிக்கை சொன்னால் ஒரு நாள் நிறுத்திவையுங்கள். மேல்மண் பொருக்குத் தட்டினால் முளை உள்ளேயே மடிந்துவிடும்.

ஹெம்ப் விதையின் ஓடு மெல்லியது. காற்றழுத்தத்தில் விதையைத் தள்ளும் கருவியில், கோதுமைக்கு வைத்த விசிறி வேகத்தையே இதற்கும் வைத்தால் விதை குழாயில் அடிபட்டு உடையும். அடைப்பு வராத அளவுக்கு வேகத்தைக் குறைத்து, கருவியின் முனையில் ஒரு சாக்கைக் கட்டிப் பிடித்து, உடைந்த விதை எவ்வளவு என்று கையில் எடுத்துப் பாருங்கள். இதற்குப் பத்து நிமிடம்தான் ஆகும். பலரும் செய்வதில்லை.

விதையளவு ஏக்கருக்கு 25 பவுண்டு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஏன் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 25 பவுண்டு என்பது 11.3 கிலோ. ஆயிரம் விதை 12 கிராம் என்றால் சுமார் 9.4 லட்சம் விதை. ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஆக, சதுர அடிக்கு 21 அல்லது 22 விதை விழும். ஹெம்பில் முளைப்பிலும் முளைத்த பிறகும் பாதி விதை போய்விடுவது சாதாரணம். மிஞ்சுவது சதுர அடிக்கு 10, 11 செடி. நமக்கு வேண்டியதும் அதுதான். அதே 25 பவுண்டை 16 கிராம் எடையுள்ள ரகத்தில் போட்டால் 16 விதைதான் விழும், பாதி போனால் 8 செடிதான் மிஞ்சும். இதனால்தான் பவுண்டுக் கணக்கை அடுத்தவரிடம் கேட்டு அப்படியே பின்பற்ற வேண்டாம் என்கிறேன். உங்கள் மூட்டையின் அட்டையில் உள்ள முளைப்புத்திறனையும் ஆயிரம் விதை எடையையும் வைத்து நீங்களே கணக்கிடுங்கள்.

உரமும் களையும்

மண் பரிசோதனை செய்து, அதன்படி தழைச்சத்து இடுங்கள். மண்ணில் இருப்பதையும் சேர்த்து ஏக்கருக்கு 80 முதல் 100 பவுண்டு என்பது பலருக்கு ஒத்துவருகிறது. வேகமாக வளரும் பயிர் என்பதால் ஆரம்பத்திலேயே பசி அதிகம். தவணையாகப் பின்னால் கொடுக்கலாம் என்று நினைக்க இதில் நாளில்லை. விதையோடு சேர்த்துச் சாலில் இடும் மணிச்சத்து ஏக்கருக்கு 20 பவுண்டைத் தாண்டினால் முளை கருகும்; மிச்சத்தைப் பக்கவாட்டில் கொடுங்கள். மண்ணில் கந்தகம் குறைவாக இருந்தால் அதையும் கவனியுங்கள்.

களைதான் ஃபினோலாவின் பலவீனம். உயர்ந்து வளரும் நார் ஹெம்ப் நிழலாலேயே களையை அடக்கிவிடும் என்று படித்திருப்பீர்கள். குள்ள ரகத்துக்கு அந்த வல்லமை பாதிதான். அகன்ற இலைக் களைகளுக்கு இந்தப் பயிரில் பதிவு பெற்ற மருந்துகள் மிகக் குறைவு. ஆகவே களைக்கு எதிரான போர், விதைப்புக்கு முன்பே நடக்க வேண்டும்: முதல் களை முளைத்ததும் அழித்து, உடனே விதைத்து, பயிர் களைக்கு முன்னால் எழும்படி செய்வது. செடி ஒரு அடி உயரம் வந்து வரிசைகள் மூடிக்கொண்டால் அதன் பிறகு கவலை குறையும். காட்டுக் கடுகும், காட்டு பக்வீட் கொடியும் நிறைந்த வயல் என்று தெரிந்தால் அந்த ஆண்டு வேறு பயிர் போடுங்கள். பக்கத்து வயலுக்கு மருந்து அடிக்கும்போது காற்றில் வரும் சாரலும் ஹெம்பைச் சுட்டுவிடும். அண்டை வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

ஜூலை, ஆகஸ்டில் பெரிதாக வேலை இல்லை. வெள்ளைப் பூஞ்சணமும் பெர்த்தா படைப்புழுவும் வந்திருக்கின்றனவா என்று வாரம் ஒருமுறை உள்ளே நடந்து பாருங்கள். ஓரத்தில் நின்று பார்த்தால் எல்லா வயலும் அழகாகத்தான் தெரியும்.

அறுவடை

ஹெம்ப் விதை ஒரே நாளில் முற்றாது. கதிரின் கீழ்ப்பகுதி முதலில் முற்றும். நுனியில் பூ இருக்கும்போதே அடியில் விதை உதிரத் தொடங்கும். முழுவதும் முற்றட்டும் என்று காத்திருப்பவர் நல்ல விதையை மண்ணுக்கும் பறவைகளுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை அறுப்பார். பத்து இடத்தில் கதிரை ஒடித்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். பத்தில் ஏழு, எட்டு விதை பழுப்பாகி, அழுத்தினால் உடையும் நிலையில் இருந்தால் இயந்திரத்தை இறக்குங்கள். மே இறுதியில் விதைத்திருந்தால் அது செப்டம்பர் முதல் வாரத்தை ஒட்டி வரும். அப்போது விதையின் ஈரப்பதம் 15 முதல் 18 சதவீதம் இருக்கும். செடி இன்னும் பச்சையாகவே தெரியும். கோதுமை அறுத்துப் பழகியவர்களுக்கு இந்தப் பச்சையில் கை வைக்க மனம் வராது. வந்தாக வேண்டும்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தட்டை காயக் காய நார் பிரிந்து கயிறாகும். அந்தக் கயிறு கம்பைன் என்ற அறுவடை இயந்திரத்தின் சுழலும் ஒவ்வொரு தண்டிலும் சுற்றிக்கொள்ளும். பேரிங்குக்குள் புகுந்து சூடேற்றித் தீப்பிடிக்கவும் வைக்கும். பச்சையாக இருக்கும்போது நார் அவ்வளவு எளிதில் பிரியாது. இங்கேதான் குள்ள ரகத்தின் அருமை தெரியும். அறுக்கும் பாகத்தைக் கதிருக்குச் சற்றுக் கீழே உயர்த்தி வைத்தால், மிகக் குறைந்த தட்டைதான் இயந்திரத்துக்குள் போகும். இரண்டரை மீட்டர் செடியில் அதைச் செய்ய முடியாது.

கத்திகள் புதியவையாகவோ நன்றாகத் தீட்டியவையாகவோ இருக்கட்டும். கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் குறைத்து வையுங்கள், விதை ஓடு உடைந்தால் எண்ணெய் கெடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகு சுற்றிய நாரை வெட்டி எடுங்கள். சாவியைச் சும்மா சொல்லவில்லை. தீயணைப்புக் கருவி ஒன்று ஓட்டுநர் இருக்கையிலும், இன்னொன்று கூட வரும் வண்டியிலும் இருக்க வேண்டும்.

மானாவாரியில் ஏக்கருக்கு 600 முதல் 1,000 பவுண்டு வரை கிடைத்தால் பயிர் நன்றாகவே வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

உலர்த்தல்

அறுத்த விதையை லாரியில் இரவு முழுவதும் விட்டுவிட்டுக் காலையில் பார்ப்போம் என்று போய்ப் படுக்காதீர்கள். 15 சதவீத ஈரமும், பச்சை இலைத்துணுக்கும், எண்ணெயும் சேர்ந்த குவியல் சில மணி நேரத்தில் சூடாகிவிடும். சூடேறிய விதை காறல் வாடை அடிக்கும். எந்த உணவு நிறுவனமும் அதைத் தொடாது. குதிரில் விழும்போதே காற்று ஓட வேண்டும். ஈரப்பதம் 9 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை விசிறியை நிறுத்த வேண்டாம். நீண்ட நாள் வைத்திருக்க வேண்டுமானால் 8 நல்லது. சூடான காற்று வேண்டியிருந்தால் மிதமான சூடு போதும். விதையைத் திருகு குழாயில் ஏற்றி இறக்குவதைவிட வார்ப்பட்டையில் ஏற்றுவது ஓட்டைக் காக்கும். குழாய்தான் இருக்கிறது என்றால் நிறைய விதையோடு மெதுவாக ஓட்டுங்கள். அரைகுறையாக ஓடும் குழாயில்தான் விதை அதிகம் அரைபடும்.

உறைகுளிர் வந்த பிறகும் மாதம் இருமுறை குதிருக்குள் வெப்பத்தைப் பாருங்கள். ஒப்பந்தப்படி எடுத்துக்கொள்ள நிறுவனம் அடுத்த கோடைவரை காத்திருக்கக்கூடும். வசந்தத்தில் வெளிக்காற்று சூடேறும்போதுதான் உள்ளே ஈரம் நகரத் தொடங்கும்.

வயலில் உதிர்ந்த விதை அடுத்த வசந்தத்தில் முதல் வாரத்திலேயே முளைத்து நிற்கும். அடுத்த பயிராகக் கோதுமை போட்டால், கோதுமைக்கு வழக்கமாக அடிக்கும் அகன்ற இலைக் களைக்கொல்லியே அதை அழித்துவிடும்.